அம்பு அக்காவும் அம்மன் திரையும்

குருவிட்ட பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து மேட்டு லய வீடுகள் வரைக்கும் அம்பு அக்கா குறை கண்டுபிடிக்காத பொருள் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது வானம். கை எட்டவில்லை.

அவருடைய சொந்தப் பெயரை நானே யோசித்துத்தான் சொல்ல வேண்டும். நாங்கள் இருவரும் ஒரே கார்மென்ட்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்தோம். நான் கொலர் தைத்தேன். அவர் அந்தக் கொலரில் பிழை தேடினார். தையல் கோணியிருந்தால், அந்த இடத்தைக் காட்டும்படி சின்னதாய் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவது அவர் வேலை. இருபது வருஷம் ஒட்டினார். கார்மென்ட்ஸை மூடியபோது நாங்கள் எல்லாரும் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தோம். அக்கா மிச்சமிருந்த ஸ்டிக்கர் சுருள்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

அதன் பிறகு தோட்டத்தில் யாருக்கும் நிம்மதி இல்லை. கருகிய ரொட்டியில் அம்பு. சாய்ந்து நின்ற கதவில் அம்பு. பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை எழுந்து போகும்போது அவர் முதுகில் ஓர் அம்பு இருந்தது. சட்டை ஓரம் பிரிந்திருந்ததாம். எங்கள் பக்கத்தில் எதற்கும் ஒரு சொல் வைத்திருக்கிறோம், சிங்களத்திலிருந்து வாங்கிச் சொந்தமாக்கிக்கொண்டது: "கமக் நே." பரவாயில்லை, போகட்டும் என்று அர்த்தம். பஸ் தவறினாலும் கமக் நே, காயப்போட்ட உடுப்பு மழையில் நனைந்தாலும் கமக் நே. அக்கா வாயில் மட்டும் அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை.

வம்பு கோயில் கமிட்டிக் கூட்டத்தில் வந்தது. தலைவர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு திருவிழாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அக்கா எழுந்து போய் அவர் நெஞ்சில் ஓர் அம்பு ஒட்டினார்.

"என்னம்மா இது?"

"பாக்கெட் கோணலுங்க தலைவரே. அர இஞ்சி எறங்கியிருக்கு."

கூட்டம் சிரித்தது. தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. "அடுத்தவங்க தைச்சதுல கொற சொல்ல யாருக்கும் முடியும். நீங்க ஒன்னு தைச்சிக் காட்டுங்க பாப்போம்."

"காட்டுறேங்க. இந்தத் திருவிழாவுக்கு அம்மன் திரை நான் தைச்சித் தர்றேன். நடுவுல அம்மன் படம், நூல்லயே."

இருபது வருஷத்தில் அக்கா சொந்தமாக ஒரு பொத்தான் துளைகூடத் தைத்ததில்லை என்பது தோட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். தைத்துக் காட்டாவிட்டால் இத்தனை காலம் ஒட்டிய அத்தனை அம்பும் வீண்வம்பு என்று ஆகிவிடும். அது அவருக்கும் தெரியும்.

போனில் வீடியோ பார்த்துத்தான் படித்தார். ஏதோ தெரியாத பாஷையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் செய்து காட்டுவாள். தையல் மிஷினில் துணியை அழுத்தும் பாதத்தைக் கழற்ற வேண்டும். துணியைத் தள்ளும் பற்களைக் கீழே இறக்க வேண்டும். துணியை ஒரு வட்டச் சட்டத்தில் இறுக்கி, அதை நாமே இரண்டு கையாலும் நகர்த்த வேண்டும். ஊசி நின்ற இடத்திலேயே குத்திக்கொண்டிருக்கும். பென்சிலை ஆட்டாமல் தாளை ஆட்டிப் படம் வரைகிற வேலை. கை முந்தினால் ஊசி ஒடியும். பிந்தினால் நூல் குவிந்து முடிச்சாகும்.

பாதத்தைக் கழற்றினாலும் அதன் கம்பியை இறக்கி வைத்துத்தான் தைக்க வேண்டுமாம். அது தெரியாமல் ஒரு வாரம் துணிக்கு அடியில் நூல் சிக்குப்பிடித்த தலைமாதிரி கிடந்தது. அக்கா மிஷினுக்கு ஓர் அம்பு ஒட்டினார். வெள்ளைக்காரப் பெண் போட்ட இலை ஒன்று கோணியபோது போன் கண்ணாடியிலேயே ஒட்டினார். பழகத் தைத்த முதல் மயிலைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர், "கோழி நல்லாருக்கு," என்றார். அக்கா தன் மயிலுக்குத் தானே ஒன்பது அம்பு ஒட்டி, உட்கார்ந்து பிரித்தார்.

அவரை வாட்டியது அதெல்லாம் இல்லை. "இதுல இஞ்சிக் கணக்கே இல்லியே புள்ள. ஒரு தையல் நீளம், ஒரு தையல் கட்ட. இத எப்பிடி பாஸ் பண்றது?"

"படம் அழகா இருக்குதானேக்கா?"

"அழகாத்தான் இருக்கு. சரியில்ல."

ஆனாலும் கை படிந்துவிட்டது. சிவப்பு சாட்டினில் சூலம் வந்தது, மாலை வந்தது, சேலை வந்தது. கிட்டப் பார்த்தால் வெறும் கிறுக்கல். நாலடி தள்ளி நின்றால் பட்டுச் சேலையின் மடிப்பு. முகத்தை மட்டும் பத்துத் தடவை தைத்துப் பத்துத் தடவை பிரித்தார். துணி ஊசித் துளையாய்ப் போய் வெளிச்சம் தெரிந்தது. இன்னொரு தடவை பிரித்தால் கிழிந்துவிடும்.

திருவிழா அன்று காலையில் உதடு மட்டும் மிச்சம். அக்கா பயபக்தியாகச் சாம்பிராணி போட்டுவிட்டு மிஷினில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புகை நேராக என் மூக்குக்கு வந்தது. மூச்சை அடக்கினேன், வாயைப் பொத்தினேன், எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். கடைசியில் தும்மிவிட்டேன். அக்காவின் கை துள்ளியது. அம்மனின் இடது உதட்டோரம் மேலே ஏறிவிட்டது.

அக்கா தையல் பிரிக்கும் கத்தியை எடுத்தார்.

"வேணாங்கக்கா. துணி தாங்காது."

கோயில் பக்கம் தப்பு மேளச் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. அக்கா துணியை விரலால் தடவிப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார். சுருளிலிருந்து ஓர் அம்பைப் பிய்த்து என் நெற்றியில் ஒட்டினார்.

"பிழை துணியில இல்ல."

"சாம்பிராணி போட்டது நீங்கதானேக்கா," என்றேன்.

அலங்காரம் முடியும்வரை எங்கள் கோயிலில் திரை மூடியிருக்கும். வேறு பார்க்க எதுவும் இல்லாமல் சனம் முழுக்கத் திரையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கும். அக்கா கடைசித் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். ஊரெல்லாம் அம்பு ஒட்டியவர் அப்படி நிற்பதை அன்றுதான் பார்த்தேன். தலைவர் மூக்கு உரசும் தூரத்துக்குப் போய் அங்குலம் அங்குலமாகத் தேடினார்.

"எல்லாஞ் சரி. வாயி கொஞ்சம் கோணலா..."

"சும்மா இருங்க தலைவரே," என்றது முன் வரிசையில் ஒரு குரல். கொழுந்து பறிக்கும் ராக்கம்மா அக்கா, கும்பிட்ட கையை இறக்காமலே பேசினார். "செலையில மொறச்சிக்கிட்டே இருக்கிற ஆத்தா இன்னைக்கித்தான் நம்மளப் பாத்து சிரிக்கிறா."

பின்னால் நின்ற பெண்களெல்லாம் பார்க்க முன்னே நெருக்கினார்கள். தலைவர் நாலடி தள்ளி வந்து இன்னொரு தடவை பார்த்தார். பிறகு அவரும் கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் திரும்பினேன். அம்பு அக்காவின் விரல் நுனியில் ஓர் அம்பு தயாராக இருந்தது. அதை மெதுவாகச் சுருட்டிக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர்.

"வாயி கோணல்தானேக்கா?" என்றேன்.

"கமக் நே," என்றார்.

அன்று திருவிழா முழுக்க நான் நெற்றியில் அம்போடு சுற்றியதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அக்கா இப்போது கஹவத்தையில் தங்கச்சி வீட்டில் இருந்துகொண்டு நூலில் படம் போடுகிறார். நான் போனால் என் கொண்டையிலிருந்து செருப்பு வரை குறை சொல்கிறார். நெற்றியில் ஒட்டிய அந்த அம்பு என் போன் உறைக்குள் இருக்கிறது, பசையெல்லாம் போய்விட்டது. கோணலான எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிய அக்கா, என்னை மட்டும் இதுவரை திருப்பி அனுப்பவில்லை.