தியரி சார் கப்பல் ஏறிய கதை

மனித குலத்தையே கடலை மிட்டாயால் திருத்திவிடலாம் என்று நம்பிய ஒரே ஆள் எங்கள் தியரி சார்தான். போர்ட் பிளேரில் ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்குக் கற்றல் கோட்பாடுகளைச் சொல்லிக் கொடுப்பவர். ஷாதிபூரில் என் பக்கத்து அறைக்காரர். அவருடைய சொந்தப் பெயர் வீட்டுக்காரருக்கே மறந்துவிட்டது.

"நல்லது செஞ்சா உடனே பரிசு குடுக்கணும். அப்பதான் பழக்கமாகும்" என்பார். வாசலில் ஹாரனை நிறுத்தும் ஆட்டோக்காரருக்கு மிட்டாய் என்று அறிவித்தார். சீக்கிரமே பக்கத்து ஜங்லிகாட் பகுதி ஆட்டோக்களெல்லாம் எங்கள் தெருவுக்குள் வந்தன. காது கிழிய ஹாரன் அடிப்பார்கள். சார் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட்டுக் கையை நீட்டுவார்கள்.

"தேக்கா பாய்! எப்படி அடங்கிட்டான் பாத்தியா?" என்று என்னிடம் பெருமைப்படுவார். யார் யாரைப் பழக்குகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் மிட்டாய் வந்துகொண்டிருந்தது.

நான் அவரிடம் வசமாக மாட்டியது என் வேலைக்கே ஆபத்து வந்தபோது. மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலில் வந்தபோது குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தவன் நான். அதற்குப் பிறகு படகைப் பார்த்தாலே வயிறு புரளும். ஹேவ்லாக் தீவில் இருக்கும் எங்கள் ஆபீஸ் கிளைக்குப் போகச் சொன்னபோதெல்லாம் லீவு போட்டேன். "இந்தத் தடவையும் போகலேன்னா மூட்டையக் கட்டிக்கோ" என்று சொல்லிவிட்டார் அதிகாரி. ஊரில் என் சம்பளத்தை நம்பித் தங்கை கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"டென்ஷன் மத் லோ, கவலப்படாத. பயம் பிறவியில வர்றதில்ல, நாமளா கத்துக்கிட்டது. கத்துக்கிட்டத அழிச்சிடலாம்" என்றார் சார்.

கப்பல் படத்தை முகம் சுளிக்காமல் பார்த்தால் ஒரு மிட்டாய். படகுத்துறையில் நின்றால் ஒன்று. கட்டிப்போட்ட டிங்கிப் படகில் உட்கார்ந்தால் இன்னொன்று. பலன் இருந்தது. அதுவரை படகைப் பார்த்தால்தான் குமட்டும். இப்போது மிட்டாயைப் பார்த்தாலும் குமட்டியது.

"சரி, நாளைக்கு நானும் வர்றேன். என் தைரியத்தப் பாத்து நீயும் கத்துக்குவ. அதுக்கும் தியரி இருக்கு" என்றார்.

கப்பல் நகர்ந்ததும் சார் என் சட்டையைப் பிடித்தார். துறைமுகம் தாண்டியதும் என்னையே கட்டிக்கொண்டார்.

"சார், கொஞ்சம் கடலப் பாருங்க."

"நீ பாருடா! நான் பாத்தா செத்துருவேன்!"

அவர் தலையைத் தாங்கி, வாய்க்கு நேராகக் கவரைப் பிடித்து, நெற்றியில் ஈரத்துண்டைப் போட்டு... வயிறு புரள எனக்கு நேரமே இல்லை. ஹேவ்லாக் வந்ததுகூடத் தெரியவில்லை. என் வேலை பிழைத்தது.

கரையில் அவரைப் படுக்க வைத்துவிட்டுக் கேட்டேன்: "இதுக்கு முன்னாடி கப்பல் ஏறியிருக்கீங்களா சார்?"

"எங்கடா? மெயின்லேண்டுக்கே ஃப்ளைட்தான். சின்ன வயசுலேருந்தே கடல்னா நடுக்கம்."

"அப்புறம் ஏன் சார் வந்தீங்க?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "தனியா போவியேன்னுதான்."

அதற்கு அவர் தியரி எதுவும் சொல்லவில்லை. திரும்பும்போது கடல் அமைதியாகத்தான் இருந்தது. ஆனாலும் போர்ட் பிளேர் வரும்வரை அவர் கையை நான் விடவில்லை.