பதினேழாம் கேள்விக்கு விடை நான்கு

அந்தச் செப்டம்பரில் நான் ஒரு சபதம் எடுத்தேன். மாதிரித் தேர்வில், எந்த நோட்ஸிலும் இதுவரை வராத ஒரு கவிதையைக் கேட்டு, தென்கொரியாவின் தேகு நகரத்துப் பிள்ளைகளை ஒட்டுமொத்தமாகத் திணறடிப்பது. நல்ல சபதம்தான். கடைசியில் திணறியது யார் என்பதில்தான் கோளாறு.

என் பெயர் குவாக் தோங்சிக். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தீட்டி அனுப்பும் பயிற்சிப் பள்ளி ஒன்றில் இலக்கிய வாத்தியார். இருபத்தாறு வருஷமாக அணி கற்பித்துப் பிழைக்கிறேன். கழுத்தில் போடுகிற அணி இல்லை. உவமை அணி, உருவக அணி, உயர்வு நவிற்சி அணி. கழுத்தில் போடுகிறதாக இருந்தால் பெண்டாட்டியாவது மதித்திருப்பாள்.

வீட்டுக்குப் போனாலும் தொழில் விடாது. பெண்டாட்டி மல்சுன் வாயைத் திறந்தால் போதும், அது என்ன அணி என்று என் வாய் தானாகச் சொல்லிவிடும்.

"கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்துல ஒரு நாளாவது என்னை எங்கேயாவது கூட்டிட்டுப் போயிருக்கீங்களா?"

"உயர்வு நவிற்சி. போன வருஷம் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேனே."

"நீங்கல்லாம் ஒரு மனுஷனா?"

"இது விடை வேண்டா வினா. பதில் சொல்லத் தேவையில்லை."

நானும் சொல்ல மாட்டேன். இலக்கணம் தெரிந்த வீட்டில் சண்டை எவ்வளவு சுருக்கமாக முடிகிறது பாருங்கள் என்று மற்ற வாத்தியார்களிடம் பெருமை வேறு அடித்துக்கொள்வேன்.

கவிதை கிடைத்தது சுரங்க ரயில் நிலையத்தில். நடைமேடைக் கண்ணாடிக் கதவுகளில் ஊர்க்காரர்கள் எழுதி அனுப்பும் கவிதைகளை ஒட்டி வைப்பார்கள். பொதுவாக எல்லாம் மழை, பூ, மறுபடியும் மழை. ஆனால் இது வேறு மாதிரி இருந்தது.

அரிசி கழுவி வைத்தாயிற்று.
துணி மடித்து வைத்தாயிற்று.
செருப்பை வாசல் பக்கம்
திருப்பி வைத்தாயிற்று.
போகிறேன்.

கீழே 'ஓர் இல்லத்தரசி' என்று மட்டும் இருந்தது. வண்டியை விட்டுவிட்டு எழுதிக்கொண்டேன். பதினேழாம் கேள்வி தயார்: கடைசி வரியில் அமைந்துள்ள அணி எது? விடை நான்கு, எதிர்மொழி. அதாவது மனசில் இருப்பதற்கு நேர் எதிராகப் பேசுவது. விளக்கத்தையும் நானே எழுதினேன்: 'போகிறேன் என்கிறாள். போக மாட்டாள். அரிசி கழுவி வைத்துவிட்டு எவள் போவாள்? கணவன் மேலுள்ள அன்பு அவளைக் கட்டிப்போடுகிறது.'

நூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதினார்கள். நூற்றுப் பதினொரு பேர் நான்கு போட்டார்கள். கவிதையில் யாராவது போகிறேன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எதிர்மொழி போடு என்று நான்தான் உருவேற்றியிருந்தேனே! சொ யேரின் என்று ஒரு பெண் மட்டும் ஒன்று போட்டிருந்தாள். இயல்பு நவிற்சி. உள்ளதை உள்ளபடி சொல்வது. ஓரத்தில் ஒரு குறிப்பும் இருந்தது: 'போகிறேன் என்கிறார். போகிறார்.' அதிகப்பிரசங்கி என்று சுழி போட்டேன்.

மறுநாளே அவள் அம்மா எங்கள் நிர்வாகி பாங் அம்மாளுக்கு மூன்று பக்கத்தில் ஆட்சேபம் அனுப்பிவிட்டாள். பாங் அம்மாள் என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். ஆனால் நாற்காலி அவளுடையது.

"வாத்தியாரே, இந்த வருஷம் உங்க கேள்வியில இது மூணாவது தகராறு."

"இல்லைங்க, இலக்கணப்படி..."

"இலக்கணம் இருக்கட்டும். அந்தக் கவிதை எழுதினவங்களைத் தேடிப் பிடிங்க. எதிர்மொழிதான்னு அவங்க கைப்பட எழுதிக் கொடுத்தா கேள்வி நிக்கும். இல்லேன்னா கேள்வியும் நிக்காது, நீங்களும் நிக்க மாட்டீங்க."

ஐம்பத்தேழு வயதில் வேலை போனால் எவன் கொடுப்பான்? வீட்டுக்கு வந்து புலம்பினேன். மல்சுன் தரையில் உட்கார்ந்து சோயா முளைக்கு வால் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"வேலை வெட்டி இல்லாத எவளோ கிறுக்கினதுக்கு நான் தெருத்தெருவா அலையணும்."

"அலைய வேண்டாம். நான்தான் கிறுக்கினேன்."

"எதை?"

"அரிசி கழுவினதை."

"நீயா? கவிதையா? எப்போ?"

"புதன்கிழமை சமூகக் கூடத்துல வகுப்பு. ரெண்டு வருஷமாப் போறேன். உங்ககிட்ட சொன்னேன். தலையாட்டினீங்க."

தேடிய மூலிகை காலில் சுற்றியது என்பார்களே, அப்படித்தான் எனக்குத் தோன்றியது. துள்ளிக் குதிக்காத குறை.

"அட, அப்போ வேலை சுலபமாப் போச்சு! எதிர்மொழின்னு ஒரு வரி எழுதிக் கொடு."

"அது எதிர்மொழி இல்லையே."

"பின்னே?"

"போறேன்னு எழுதினேன். போறேன்."

"உனக்குத் தெரியாது மல்சுன்."

"நான் எழுதினது எனக்குத் தெரியாதா?"

"எழுதினவங்களுக்குத்தான் கடைசியாத் தெரியும். எழுதினவ வேற, கவிதைக்குள்ள பேசுறவ வேற. முதல் பாடமே அதுதான். உள்ளே பேசுறவ போக மாட்டா. எழுதினவளை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கலை. அதனாலதான் எழுதினேன்."

நல்ல வரி. அதையும் கவிதையில் சேர்த்திருக்கலாமே என்று சொன்னேன். சொன்னவன் நான்தான், மறைக்கப் போவதில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் மல்சுனின் அம்மா போஹாங்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அன்று என் தாத்தாவின் நினைவு நாள் படையல். நான் மூத்த பிள்ளை. இருபது பேருக்கு மல்சுன்தான் சமைக்க வேண்டும். "அம்மாவை இன்னைக்குப் பார்க்கலேன்னா நான் செத்துடுவேன்" என்றாள். "உயர்வு நவிற்சி. படையல் முடிச்சுட்டு நாளைக்குப் போகலாம்" என்றேன். மறுநாள் போனோம். மல்சுன் சாகவில்லை. அவள் அம்மாதான் போய்விட்டிருந்தார். ஆக, இலக்கணப்படி நான் சொன்னது சரி. அந்தச் சரியை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அவளிடம் அதைச் சொன்னதில்லை. அதற்கு என்ன அணி பொருந்தும் என்று எனக்குத் தெரியவில்லை.

மல்சுன் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"சரி. எழுதித் தர்றேன். நீங்களும் எனக்கு ஒரு தாள்ல முத்திரை குத்தித் தரணும்."

உடனே ஒப்புக்கொண்டேன். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்: 'கவிதைக்குள் பேசுகிறவள் போக மாட்டாள். போகிறேன் என்பது எதிர்மொழியே.' கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையும் குத்தினாள். பிறகு அலமாரியிலிருந்து தன் தாளை எடுத்து நீட்டினாள். எப்போதோ எழுதி மடித்து வைத்தது. மடிப்பு பழசாக இருந்தது.

இப்போது ஊரெல்லாம் இதுதான் மோஸ்தர். விவாகரத்து இல்லை, கோர்ட் இல்லை. கல்யாணப் படிப்பு முடிந்தது என்று பட்டம் வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு வீட்டில் இருப்பார்கள். மல்சுன் கொடுத்தது அந்தத் தாள். கொஞ்ச காலத்துக்கு அவள் போஹாங்கில் தன் அம்மா விட்டுப்போன வீட்டில் இருப்பாள். மாதம் ஒருமுறை வந்து பார்ப்பாள். குவாக் குடும்பத்துப் படையல்களுக்கு முடிந்தவரை குவாக் குடும்பமே சமைத்துக்கொள்ளும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. போகிறேன் என்றால் போக மாட்டேன். என் விடைக்குறிப்பை நானே நம்பாவிட்டால் வேறு யார் நம்புவார்கள்?

"உருவகம் நல்லா இருக்கு. ஆனா நடை தளர்ச்சி." சிவப்புப் பேனாவை எடுத்தேன். "இந்தக் 'கொஞ்ச காலத்துக்கு' எதுக்கு? வாக்கியத்தோட வேகத்தைக் கெடுக்குது. அடிச்சிடட்டுமா?"

"உங்களுக்குத் தெரியாததா? நீங்கதானே வாத்தியார்."

"'முடிந்தவரை'யும் வேண்டாம். வழவழா கொழகொழா. இந்த 'மாதம் ஒருமுறை'யும் மேலே சொன்னதோட ஒட்டலை. எடுத்துடறேன்."

"எடுங்க."

"பாரு, இப்போ கத்தி மாதிரி இருக்கு!"

"ஆமாம்" என்றாள். திருத்தினதை அப்படியே சுத்தப் பிரதி எடுத்துக் கொண்டுவந்து வைத்தாள். ஓங்கிக் குத்தினேன் முத்திரையை.

சனிக்கிழமை காலை பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன், எங்கள் ஒன்பதாம் மாடி பால்கனியில் வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் இறக்கும் ஏணி வண்டியின் ஏணி வந்து முட்டியது. நான்கு ஆட்கள் கிம்ச்சி ஊறுகாய் வைக்கும் ஃப்ரிட்ஜைத் தூக்கினார்கள்.

"ஏய், ஏய்! மல்சுன், என்ன இது?"

"போஹாங் போறேன்."

"போக மாட்டேன்னு முத்திரை குத்தியிருக்கியே!"

"அது கவிதைக்குள்ள பேசுறவ. எழுதினவ வேற இல்லையா?"

"சரி, போ! கொஞ்ச காலம்தானே!"

மல்சுன் கைப்பையிலிருந்து சுத்தப் பிரதியை எடுத்துக் காட்டினாள். கொஞ்ச காலம் அதில் இல்லை. மாதம் ஒருமுறை இல்லை. நானே அடித்தது.

"நான் திரும்பி வர்ற மாதிரிதான் எழுதியிருந்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. கோபமே இல்லை. "தண்ணி அளவு குக்கர்லயே கோடு போட்டிருக்கு. வர்றேன்."

அந்த 'வர்றேன்' என்ன அணி என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. ஏணி இறங்கியது, அவளும் போனாள். ஒரு வாரம் நான் ராம்யொன் நூடுல்ஸ் வேகவைத்துத் தின்றேன். அதுவும் குழைந்தது.

பயிற்சிப் பள்ளியில் எனக்கு அமோக வெற்றி. கவிதை எழுதியவரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று பாங் அம்மாள் மல்சுனின் கடிதத்தைப் பெரிதாக்கி வாசலில் ஒட்டினாள். பதினேழாம் கேள்வி நின்றது. நானும் நின்றேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் என் பெண்டாட்டி எழுத்தில் 'போக மாட்டாள்' என்று படித்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் அந்தப் பெண் யேரின் ஆசிரியர் அறைக்கு வந்து இடுப்பு வளையக் குனிந்தாள்.

"மன்னிச்சிடுங்க சார். எழுதினவங்களே சொன்ன பிறகு நான் என்ன பேசறது? நான்தான் தப்பாப் படிச்சுட்டேன். இனிமே சொல்றதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பார்த்துப் படிக்கிறேன்."

"பரவாயில்லைம்மா, போய்ப் படி" என்றேன்.

நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளில் என் பெண்டாட்டி சொன்னது புரிந்தவள் அவள் ஒருத்திதான், அவளையும் கெடுத்து அனுப்பினேன்.