கேட்பாரற்ற அறுபத்து நான்கு சேலைகள்

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான் இங்கிலாந்தின் போர்க்காலக் கூட்டணி அரசு கலைந்து பொதுத்தேர்தல் நடந்தது என்று திண்டுக்கல் வட்டாரத்தில் பலர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பேருந்து நிலையத்து டீக்கடையில் ஒருவர் இதைச் சத்தமாகச் சொல்ல, நால்வர் தலையாட்டியதை நானே பார்த்தேன். இந்தப் பிழையை இனியும் வளரவிடுவது முறையல்ல. கூட்டணி கலைந்தது, ஐரோப்பாவில் போர் ஓய்ந்த 1945 மே மாதம். வாக்குப்பதிவு ஜூலையில். ஜப்பானோடு நடந்த போர் முடிந்ததோ ஆகஸ்டில். ஆக, ஒரு பக்கம் போர் பாக்கியிருக்கும்போதே தலைவர்கள் வேட்டியை மாற்றிக்கொண்டு ஓட்டுக் கேட்கக் கிளம்பிவிட்டார்கள்.

எந்தப் பக்கம் பாக்கி என்பதைக் கவனிக்க வேண்டும். தலைவர்கள் குடியிருக்காத பக்கம்.

இந்த ராஜதந்திரத்தைச் செங்குளத்துப்பட்டி பாசன விவசாயிகள் சங்கம் எந்தப் புத்தகத்தையும் புரட்டாமல் தானாகவே கண்டடைந்தது. அதைப் பதிவு செய்வது என் கடமை.

சங்கத்தில் இரண்டு அணிகள். கிணறு வைத்திருப்பவர்கள் கிணற்று அணி. அதன் தலைவர் மொக்கைச்சாமி. குளத்துத் தண்ணீரை நம்பியிருப்பவர்கள் குளத்து அணி. அதன் தலைவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் கிளெமென்ட். இருவரும் பதினோரு ஆண்டுகளாகப் பேசிக்கொண்டதில்லை. சங்கத் தேர்தல் நெருங்கிய வேளையில், இரண்டு அணிகளின் மக்காச்சோளத்திலும் காட்டுப்பன்றி இறங்கியது.

பன்றிகள் சிறுமலையிலிருந்து வருகின்றன என்பது இன்னொரு பிழை. அவை குளத்துக்குள் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலங்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவை. மலையைப் பார்த்ததே இல்லை. பன்றியை விரட்டக் கோரி அனுப்பிய விண்ணப்பத்தில் இந்த உண்மையை எழுதியதால், ‘காட்டில் வசிக்காத பன்றி எங்களைச் சேராது’ என்று ஓர் அலுவலகமும், ‘பன்றி நிலவரி கட்டுவதில்லை’ என்று இன்னோர் அலுவலகமும் மனுவைத் திருப்பின.

வேறு வழியில்லாமல் போர்க்காலக் கூட்டணி அமைந்தது. தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. இருவரும் இணைத்தலைவர்கள் ஆனார்கள். ஒரே உயரத்தில் இரண்டு நாற்காலி வாங்குவதற்கு மட்டும் மூன்று கூட்டம் நடந்தது.

போர் நன்றாகவே நடந்தது. வீட்டுக்கு ஒரு பழைய சேலை என்று திரட்டி, வயலைச் சுற்றிக் குச்சி நட்டு வேலியாகக் கட்டினார்கள். மனுஷவாடையும் காற்றில் படபடப்பும் இருந்தால் பன்றி கிட்டே வராது. பேகம்பூர் மைக்செட் கடை மீரான் ஒலிபெருக்கி கொண்டுவந்து புலி உறுமலைப் போட்டார். முதல் நாள் மெமரி கார்டு மாறிப்போய் ஒரு காதுகுத்து விழாவின் மொய் விவரம் ஒலித்தது. பன்றிகள் அதற்கும் ஓடின.

தொண்ணூற்று நான்காம் நாள், சாலையோரத்துக் கிழக்கு வயல்களில் அறுவடை முடிந்தது. இரண்டு தலைவர்களின் வயலும் அங்கேதான். மறுநாளே கூட்டம். ‘கிழக்குப் போர்முனையில் முழு வெற்றி எய்தப்பட்டமையால் கூட்டணி நிறைவுற்றது, பொதுத்தேர்தல் நடத்தப்படும்’ என்று தீர்மானம். டீ, வடை.

கடைசி வரிசையில் இருந்த ஜக்கம்மாள் எழுந்தாள். அவளுக்கு மேற்கே ஓடைக்கரையில் இரண்டு ஏக்கர். மோட்டார் எரிந்துபோனதால் பிந்தி விதைத்தவள். வருஷத்துக்கு அந்த ஒரு வெள்ளாமைதான்.

“மொக்கச்சாமிண்ணே, என் சோளத்துல இப்பத்தான் பால் புடிக்குது. இன்னும் இருபத்திரெண்டு நாள் கெடக்கு. பன்னி அங்குனதானே நிக்கிது?”

“போர் முடிஞ்சிருச்சு தங்கச்சி.”

“யாருக்கு?”

“பொதுவாச் சொல்றேன்.”

“பன்னிக்குச் சொல்லியாச்சா?”

கிளெமென்ட் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஜக்கம்மா, மேற்குமுனை நிலுவையில இருக்குன்னு தீர்மானத்துல ஒரு வரி சேத்துருவோம். போதுமா?”

“வரியச் சேத்தா பன்னி நின்னுருமா வாத்தியாரய்யா?”

ஒரு வரி சேர்க்கப்பட்டது. அத்தோடு, கிழக்கு வேலியில் கிழியாமல் மிஞ்சிய அறுபத்து நான்கு சேலைகளை இரு தலைவர்களும் நேரில் வந்து ஜக்கம்மாளின் வயலைச் சுற்றிக் கட்டினார்கள். இருவர் ஆட்களும் தனித்தனியாகப் போட்டோ எடுத்தார்கள். அது பெருந்தன்மை என்று அப்போது எல்லோரும் நினைத்தோம்.

தேர்தல் நடத்தும் அலுவலராகத் திண்டுக்கல்லிலிருந்து புவனேஸ்வரி வந்தார். நேர்மையானவர். சொந்தத் தண்ணீர்ப் பாட்டில், சொந்தப் பேனா. ஊரில் ஒரு வாய் காப்பி குடிக்கவில்லை. நன்னடத்தை விதிகளை ஒரு வரி விடாமல் படிப்பவர். நமக்கு வரும் கெடுதல்களில் சரிபாதி இத்தகையவர்களால் வருவது. மீதிப் பாதி படிக்காதவர்களால்.

முதலில் ஒலிபெருக்கி நின்றது. இரவு பத்து மணிக்கு மேல் கூடாது.

“பன்னி பத்து மணிக்கு மேலதானேம்மா வருது” என்றாள் ஜக்கம்மாள்.

“பத்து மணிக்கு முன்னாடி எவ்வளவு நேரம் வேணும்னாலும் உறுமலாம். அதுக்கு விதி தடையா இல்ல” என்றார் புவனேஸ்வரி. பிறகு கொஞ்சம் யோசித்து, “ஆனா புலி எந்த வேட்பாளருக்கும் சின்னமா இருக்கக்கூடாது. சரிபார்த்துச் சொல்றேன்” என்றார்.

சரிபார்த்துக்கொண்டிருக்கும்போதே மீரானை இரண்டு அணியும் பிரசாரத்துக்கு அழைத்துக்கொண்டன. காவலுக்கு முறைபோட்டு வந்த இளவட்டங்களும் அந்த வண்டியிலேயே ஏறிப்போனார்கள். மிஞ்சியது சேலை வேலி. அது ஒன்றே போதுமானதாக இருந்தது. பதினோரு நாள் ஒரு கதிர்கூடச் சேதமில்லை.

பன்னிரண்டாம் நாள் புவனேஸ்வரி ஜீப்பை நிறுத்தி இறங்கினார். அவர் கையில் இரண்டு போட்டோக்கள். மொக்கைச்சாமியின் ஆட்கள் கிளெமென்ட் சேலை கட்டும் படத்தையும், கிளெமென்ட்டின் ஆட்கள் மொக்கைச்சாமி சேலை கட்டும் படத்தையும் புகாராக அனுப்பியிருந்தார்கள்.

“ஏம்மா, நீங்க வாக்காளர்தானே?”

“ஆமாம்மா. வரிசை நம்பர் நூத்தி முப்பத்தொம்போது.”

“வாக்காளருக்குச் சேலை குடுக்கிறது குற்றம். ஒரு சேலையே குற்றம். இங்க அறுபத்து நாலு இருக்கு.”

“இது எனக்கில்லம்மா. சோளத்துக்கு.”

“சோளத்துக்கு ஓட்டு இல்ல. அதனால உங்களுக்குத்தான்னு எடுத்துக்கணும். யார் குடுத்தது?”

“ரெண்டு பேருந்தான்.”

புவனேஸ்வரி முகத்தில் கவலை படர்ந்தது. இருவரும் கொடுத்திருந்தால் இருவரும் தகுதியிழப்பார்கள்; வேட்பாளரே இல்லாத தேர்தலை நடத்த விதியில் இடமில்லை. நடத்த முடியாத தேர்தலுக்கு நன்னடத்தை விதி பொருந்தாது, விதி பொருந்தாவிட்டால் சேலை கொடுத்தது குற்றமில்லை, குற்றமில்லை என்றால் இருவரும் தகுதியுள்ளவர்கள், தேர்தல் நடக்கும், நடந்தால் குற்றம். அவர் ஜீப்பின் முன்பக்கத்தில் சாய்ந்து செத்த நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

பிறகு இரு வேட்பாளர்களையும் வரவழைத்தார்.

“இந்தப் போட்டோவில இருக்கிறது நீங்கதானே?”

“நாந்தான்” என்றார் மொக்கைச்சாமி. “ஆனா கட்டலைங்க மேடம். காத்துல பறந்துச்சு. பறக்காமப் புடிச்சுக்கிட்டு நின்னேன்.”

“நீங்க, சார்?”

“நான் அவர் கட்டுறாரோன்னு கண்காணிச்சேன்” என்றார் கிளெமென்ட்.

“கையில முடிச்சு இருக்கே.”

“அவிழ்க்கிற முடிச்சு.”

ஜக்கம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஏண்ணே, உன் வீட்டு மயில்கழுத்துச் சேலை அந்தா தொங்குது. மதினி கட்டிக்கிட்டு மாசித் திருவிழாவுக்கு வந்த சேலை. அதையுமா தெரியல?”

“சேலையில எல்லாம் மயில்கழுத்துக் கலருதான் தங்கச்சி” என்றார் மொக்கைச்சாமி, வயலைப் பார்க்காமல்.

இருபது ரூபாய்ப் பத்திரத்தில் இருவரும் தனித்தனியே உறுதிமொழி எழுதிக் கொடுத்தார்கள்: ‘மேற்படி அறுபத்து நான்கு சேலைகளுக்கும் எனக்கும் என் குடும்பத்தாருக்கும் எக்காலத்திலும் யாதொரு சம்பந்தமும் இல்லை.’ பதினோரு ஆண்டுகளில் இருவரும் ஒரு சொல் மாறாமல் ஒத்துப்போன முதல் ஆவணம் அது.

யாரும் கொடுக்காத சேலை கேட்பாரற்ற பொருள். கேட்பாரற்ற பொருளைக் கைப்பற்ற வேண்டும். பறக்கும் படையினர் குச்சி குச்சியாக அவிழ்த்து மடித்து ஜீப்பில் ஏற்றினார்கள்.

“எட்டு நாளு குடும்மா” என்றாள் ஜக்கம்மாள். “எட்டே நாளு. அறுத்துட்டு நானே மடிச்சுக் கொண்டாந்து குடுக்கிறேன்.”

“உங்க கஷ்டம் எனக்குப் புரியுது” என்றார் புவனேஸ்வரி. உண்மையிலேயே புரிந்திருந்தது. “ஆனா புரிஞ்சதைப் பதிவு பண்ண இந்தப் படிவத்துல இடமில்ல.”

ரசீது கொடுத்தார். ஜக்கம்மாள் அதைச் சுருட்டிச் சுருக்குப்பையில் வைத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் இரண்டு ஏக்கரிலும் நின்றுகொண்டிருந்த சோளத்தட்டை ஒன்றும் இல்லை. பன்றிகள் கதிரைத் தின்றதோடு மண்ணையும் கிளறிச் சமன் செய்திருந்தன. வாக்காளர்களின் வண்டி நிறுத்த விசாலமான காலியிடம் தேவை என்று விதியில் இருந்ததால், வாக்குப்பதிவன்று அந்த இடம் பயன்படுத்திக்கொள்ளப்பட்டது.

மொக்கைச்சாமிக்கு நூற்றுப்பத்து. கிளெமென்ட்டுக்கு நூற்றெட்டு. செல்லாதது ஒன்று; அதில் இரண்டு சின்னங்களுக்கும் நடுவே யாரோ ஒரு பன்றி வரைந்திருந்தார்கள். தேர்தல் மிக அமைதியாக நடந்ததாக அறிக்கை போயிற்று. கைப்பற்றிய பொருளைக் கைப்பற்றிய இடத்தின் உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதால், புவனேஸ்வரி அறுபத்து நான்கு சேலைகளையும் எண்ணி, துவைத்து, ஜக்கம்மாளிடம் சேர்த்தார். துவைத்தது அவர் சொந்தச் செலவு.

தலைவர்கள் இருவரும் கிழக்கே நிலக்கடலை விதைத்திருந்தார்கள். மேற்கே தின்ன ஒன்றுமில்லாத பன்றிகள் விதைத்த கடலையை மோப்பம் பிடித்துக் கிழக்கே நடந்தன. அன்றே அவசரக் கூட்டம் கூடி, ஊர் நலன் கருதி மீண்டும் போர்க்காலக் கூட்டணி அமைந்தது. நாற்காலிகள் இருந்தன. சேலைதான் இல்லை. ஊரில் பழைய சேலை தீர்ந்துவிட்டது. புதுச் சேலை கொடுக்கும் அளவுக்கு யாருக்கும் வீரம் வரவில்லை.

இணைத்தலைவர்கள் இருவரும் ஜக்கம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

“தாரேன்” என்றாள் அவள். “என்னத்துக்கு வச்சுக்கிட்டு நானு. ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க. ‘எங்க சேலைய நாங்க வாங்கிக்கிட்டோம்’னு.”

மொக்கைச்சாமி கிளெமென்ட்டைப் பார்த்தார். கிளெமென்ட் கண்ணாடியைக் கழற்றினார். சம்பந்தமே இல்லை என்று பத்திரத்தில் எழுதிக்கொடுத்த சேலையை, சம்பந்தப்பட்டதென்று கையெழுத்திட்டு வாங்கினால், பொய்ப் பத்திரத்துக்காக இருவர் பதவியும் போகும்.

“யோசிச்சுட்டு வாரோம் தங்கச்சி.”

“மெதுவா வாங்கண்ணே. பன்னி நிலுவையிலதான இருக்கு.”

யோசித்ததில், பிரசாரத்துக்கும் நன்றி சொல்லவும் அடித்து மிஞ்சிய இருபத்தேழு பிளெக்ஸ் பேனர்கள் கண்ணில் பட்டன. அவற்றைக் கடலை வயலைச் சுற்றி வரிசையாக நட்டார்கள். கிளெமென்ட் கும்பிட்டபடி பதின்மூன்று. மொக்கைச்சாமி கும்பிட்டபடி பதினான்கு. ஒரு மாதமாக அவற்றைத் தெருத்தெருவாகப் பார்த்துப் பழகியிருந்த பன்றிகள் நான்காம் நாள் உள்ளே நுழைந்தன.

முதலில் சாய்ந்தது, வாக்காளப் பெருமக்களுக்கு நன்றி தெரிவித்திருந்த பேனர்.