பார்க்க மட்டும் ஒரு ஏரி

உதய்ப்பூர்,
வைகாசி 14.

மரியாதைக்குரிய சுடர்விழி அப்பா அவர்களுக்கு, உங்கள் மனைவி கண்ணாத்தாள் வணங்கி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் அறிவொளி ராத்திரி வகுப்பில் கற்றுக் கொடுத்தார்கள். எனக்கு நலமில்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள், நான்தான் பக்கத்தில் இல்லையே. போனில் சொன்னால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத் திருப்பனந்தாள் கடைத்தெரு மொத்தத்துக்கும் கேட்க வைப்பீர்கள். இங்கேயோ மகள் பக்கத்திலேயே நிற்கிறாள். அவள் காதில் விழக்கூடாத சங்கதி என்பதால் இந்தக் கோழிக் கிறுக்கல்.

சங்கதி இதுதான். மேட்டூர் திறப்பதற்குள் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். சுடருக்கு பேங்கில் இன்னும் இரண்டு வருஷம் இந்த ஊர்தானாம், அதுவரைக்கும் என்னைக் கூட இருக்கச் சொல்கிறாள். ஒரு மாதத்துக்கே நாக்குத் தள்ளிவிட்டது. நான் வராவிட்டால் குறுவை நடவுக்கு என் நடவாள் செட்டை அந்த ஜெயபாரதி கூட்டிக்கொண்டு போய்விடுவாள். இருபது வருஷமாக நான் கட்டி மேய்த்த பெண்டுகள்.

ஊர் எப்படி என்று கேட்டீர்களே. தஞ்சாவூர் மாதிரி இரண்டு மடங்கு இருக்கும், சுற்றி மொட்டை மலை, நடுவில் வெள்ளை வெள்ளையாய் வீடு, எந்தத் தெருவில் நடந்தாலும் கடைசியில் ஒரு ஏரி வந்து நிற்கிறது. ஒன்று இரண்டு இல்லை, நான் பார்த்ததே ஐந்து. ஒரு ஏரிக்கு நடுவில் அரண்மனை கட்டி வைத்திருக்கிறார்கள், படகில் போய்ப் பார்த்துவிட்டுப் படகிலேயே திரும்பி வருகிறார்கள், அவ்வளவுதான். வைகாசி வெயிலிலும் தண்ணீர் தளும்புகிறது. நம்ம வாய்க்கால் காய்ந்து ஆடு மேய்கிற நேரத்தில் இதைப் பார்த்தால் வயிறு எரியாதா. மதகு எங்கே என்று கரையைச் சுற்றித் தேடினேன், கால் வலித்ததுதான் மிச்சம். இது எத்தனை வேலி நிலத்துக்குப் பாயும்டி என்று சுடரைக் கேட்டேன். “பாயாதும்மா. பாக்குறதுக்கு” என்றாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இறங்குகிற சோறும் இல்லை, ஒரு பருக்கைக்கு இன்னொரு பருக்கை பகையாளி மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறது.

இதற்கே இப்படி என்றால் திங்கட்கிழமை நடந்ததைக் கேளுங்கள். சுடர் பேங்குக்குப் போனதும் ஏரிக்கரைப் பூங்காவில் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் ஓரம் பூராவும் கோரை, இடுப்பு உயரத்துக்கு. இத்தனை தோட்டக்காரர்கள் இருந்தும் ஒருத்தன் கண்ணுக்கும் தெரியவில்லையே, பாவம், நாமாவது ஒத்தாசை செய்வோம் என்று சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். வேர் அறாமல் பிடுங்கி, மண்ணை உதறி, கட்டுக் கட்டாகக் கரையில் போட்டேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் போட்டோ எடுத்தார்கள், பாராட்டுகிறார்கள் என்று நானும் சிரித்து வைத்தேன். அப்புறம்தான் விசில் சத்தம். காவல்காரன் இந்தியில் கத்தினான், நான் தமிழில் கத்தினேன், கடைசியில் சுடர் நம்பர் எழுதிய சீட்டைக் காட்டினேன். அவள் ஆட்டோ பிடித்து ஓடி வந்தாள்.

“அம்மா, அது களை இல்ல. அழகுக்கு வச்சு வளக்குறாங்க.”

“கோரையவா?”

“ஆமாம்மா.”

எல்லாவற்றையும் திரும்ப நடச் சொல்லிவிட்டார் அங்கே இருந்த பெரிய ஆள். சுடர் பேங்கு உடுப்போடு கோரைக் கட்டுகளை எடுத்துக் கொடுக்க, நான் நட்டேன். முப்பத்தைந்து வருஷம் எதைப் பிடுங்கிப் பிழைத்தேனோ அதையே ஜாண் இடைவெளி விட்டு வரிசை பிடித்து நட்டேன், சுடர் அப்பா. இதைவிட ஒரு கேவலம் என் பிழைப்புக்கு உண்டா. நாலே நாளில் பாவி மகன் கோரை பச்சை பிடித்து நிற்கிறது, அது வேறு.

பழைய சோற்றை மூன்று நாள் வைத்துத் தின்னாதீர்கள். பசுவையும் கன்றையும் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். மாரியாத்தா உங்களுக்கு நல்ல புத்தியும் சீக்கிரமாக ஒரு ரயில் டிக்கெட்டும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும்
கண்ணாத்தாள்

பின்குறிப்பு: விலாசத்தை இங்கிலீஷில் எழுத வேண்டுமே என்று உறையை ஒட்டாமல் சுடரிடம் கொடுத்துவிட்டேன். மேலே மட்டும் எழுதுவாள் என்று நினைத்தது என் புத்தி. உள்ளே இருந்ததை உருவி முழுக்கப் படித்துவிட்டாள். சண்டை வரும் என்று அடுப்படிக்குள் போனேன், பின்னாலேயே வந்தாள். “எனக்கும் இந்த ஊர் புடிக்கலம்மா. அதான் ஒன்னக் கூட்டியாந்தேன்” என்றாள். ஒன்றரை வருஷமாக நம்மிடம் மூச்சு விடவில்லை பாருங்கள், போன் பண்ணும்போதெல்லாம் சூப்பரா இருக்குப்பா என்றுதானே சொன்னாள். நீங்கள் வர வேண்டாம். செட்டை ஜெயபாரதியே கூட்டிப் போகட்டும், அவளிடம் நானே பேசிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் கேட்டேன். சுடர் தர மாட்டேன் என்கிறாள். அப்பாவுக்கும் தெரியட்டுமாம்.