மூக்கால் குடிப்பவர்

குடிக்கிறவர் உண்டு, குடிக்காதவர் உண்டு, குடித்துவிட்டுக் குடிக்கவே இல்லை என்று சாதிக்கிறவர் உண்டு. இந்த மூன்று இனத்தையும் நீங்கள் அறிவீர்கள். உங்கள் வீட்டிலேயே மூன்றில் ஒன்று நடமாடிக்கொண்டிருக்கும். நான் சொல்ல வந்தது நான்காவது இனத்தைப் பற்றி. நம்முடைய பிள்ளைகள் கப்பலுக்கும் துபாய்க்கும் போய், திரும்பி வரும்போது பெட்டிக்குள் துணிக்கு நடுவே கைக்குழந்தையைப் போலச் சுற்றி விஸ்கிக் குப்பி கொண்டுவரத் தொடங்கிய பிறகு, நாஞ்சில் நாட்டில் புதிதாக முளைத்த இனம் இது. வாயால் குடிக்காது. மூக்கால் குடிக்கும்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். சொல்வதற்கு வெட்கம் எதற்கு? குழித்துறைச் சந்தையில் ரப்பர் ஷீட்டைத் தலையில் சுமந்தவன், இன்றைக்கு அதே தெருவில் வரிசையாகக் கடை வைத்திருக்கிறேன். நாகர்கோவில் வீட்டுக்குள் லிப்ட் போட்டிருக்கிறேன், ஏறி இறங்குவதற்கு அல்ல, இருக்கட்டும் என்று. ஷீட்டைத் தூக்கிப் பார்த்தே உள்ளே எவ்வளவு ஈரம் என்று சொல்லிவிடுகிற எனக்கு மனிதனை எடைபோடுவது ஒரு வேலையா? அப்படி எடைபோட்டுத்தான் சொல்கிறேன்: மூக்கால் குடிப்பவரைப் போல எடையில்லாத இனம் இன்னொன்று கிடையாது.

அடையாளம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்களை மொட்டைமாடிக்கு அழைப்பார். நாற்காலி போடுவார். கழுத்தை நெரித்த செம்பைப் போன்ற ஒரு கண்ணாடிக் கிளாஸைத் தருவார். அதற்குள் எறும்பு நீந்திக் கரையேறுகிற அளவுக்கு ஏதோ ஊற்றுவார். காதுக்கு மருந்து விடுகிற குழாயால் அதில் மூன்று சொட்டுத் தண்ணீர் விடுவார். ஐஸ் கேட்டீர்களா, உங்கள் பரம்பரையைப் பற்றி யோசிப்பார். சோடா கேட்டீர்களா, எழுந்து போய்ப் படிக்கட்டுக் கதவைத் திறந்து வைப்பார், நீங்கள் இறங்கிப் போவதற்கு.

சரி, குடிக்கலாமா என்றால், அது எப்படி? முதலில் சொற்பொழிவு.

என் பக்கத்து வீட்டு வள்ளிநாயகம் இந்த இனத்தின் தலைவர். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பேசத் தொடங்கினால் ஸ்காட்லாந்துக்கு மேற்கே உள்ள ஒரு தீவில் போய்த்தான் நிற்பார். அந்தத் தீவில் மரம் குறைவாம், காற்று கூடுதலாம், ஆடுகள் சாய்ந்தே நிற்குமாம். சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் எத்தனையோ காலமாய் மக்கிக் கிடப்பதைச் செங்கல் மாதிரி வெட்டிக் காயவைத்து எரிப்பார்களாம். அதற்குப் பெயர் பீட். அந்தப் புகையில்தான் பார்லியை வாட்டுவார்களாம். அப்படிப் புகைகிற ஆலைகள் அந்தத் தீவில் பல உண்டு. ஆனால் வள்ளிநாயகம் கும்பிடுகிற ஆலை ஒன்றே ஒன்று, மற்றவர்கள் போகிற வழியில் போகவே போகாத ஆலை. மற்றவன் குப்பியில் வயதைப் பெரிதாக எழுதுவான், இவன் எழுதமாட்டான். மற்றவன் புகையைக் குறைப்பான், இவன் கூட்டுவான். மற்றவன் மாளிகைப் படத்தை ஒட்டுவான். இவன் பழைய மாட்டுத் தொழுவத்தில் உலையை வைத்துக்கொண்டு மாட்டின் படத்தையே ஒட்டுவான்.

அந்த ஆலையின் சரக்கில் எது சிறந்தது என்று வள்ளிநாயகத்திடம் ஒரு வரிசை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஆலைக்காரன் கிறுக்குத்தனமாக ஒரு பேர் வைத்திருக்கிறான். மூன்றாவது இடம் ‘பாதிரியாரின் குடை’: முகர்ந்தால் மழையில் நனைந்த கம்பளி, அதில் படுத்து எழும்பிய நாய். இரண்டாவது ‘கறுத்த கன்று’: பழைய ஆசுபத்திரி வராந்தா, புண்ணுக்குப் போடுகிற அயோடின், கொஞ்சம் மீன்வலை. கேட்கிறபோதே உங்களுக்கு நாக்கு ஊறுகிறதா? எனக்கு ஊறவில்லை. மீன்வலை வாடை வேண்டுமென்றால் குளச்சலுக்குப் பஸ் இருக்கிறதே, அதற்கு ஸ்காட்லாந்து எதற்கு? கேட்டும் பார்த்தேன்.

“அண்ணாச்சி, ஒமக்கு மூக்கு முகத்துல இருக்கு. எனக்கு மூளையில இருக்கு” என்றார்.

“அப்பம் சளி பிடிச்சா எங்க சிந்துவீரு?” என்றேன். அன்றைக்கு எனக்கு எறும்பு அளவும் கிடைக்கவில்லை.

முதல் இடத்தில் இருப்பது ‘ஒற்றைக்கால் நாரை’. அதை வள்ளிநாயகம் கண்ணால் கண்டதில்லை. வருசக்கணக்காய் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார், கனவில் முகர்ந்திருக்கிறார். அது வந்தால் கண்ணாடி அலமாரியில் நடுத்தட்டில் வைப்பதற்கு இடம்கூட ஒதுக்கி, தினமும் துடைத்து, காலியாக வைத்திருந்தார்.

அந்த நாரைதான் போன மாதம் நாகர்கோவிலுக்குப் பறந்து வந்தது. கொண்டுவந்தவன் நிதின், வள்ளிநாயகத்தின் மனைவி உலகம்மையின் அண்ணன் மகன், கப்பலில் எஞ்சினியர். குப்பி ஒன்று. ஆசைப்பட்டவர் இரண்டு பேர். ஒருவர் மாமா வள்ளிநாயகம். இன்னொருவர் நாராயணபெருமாள், நிதினுடைய அப்பாவின் பள்ளிக்கூடத்துக் கூட்டுக்காரர், பாத்திரக்கடை முதலாளி, வள்ளிநாயகத்திடம் மூக்குப் பாடம் படித்து இப்போது குருவைவிட நான்கு வாடை கூடுதலாகச் சொல்கிற சீடர். நிதின் என்ன செய்வான், பாவம்? ரெண்டு பேரும் கண்ணைக் கட்டிக்கொண்டு முகர்ந்து பார்க்கட்டும், ஒரு கிளாஸில் நாரை, ஒரு கிளாஸில் நம்ம ஊர்க் கடைச் சரக்கு, எது நாரை என்று சரியாகச் சொல்கிறவருக்கே மிச்சக் குப்பி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். சாட்சிக்கு நான். ஊரில் எனக்கு உள்ள மதிப்பு அப்படி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாசனை என்று பேர் உள்ள எல்லாவற்றையும் வள்ளிநாயகம் நாடு கடத்தினார். ஊதுபத்தி கூடாது. சந்தன சோப்பு கூடாது. உலகம்மை தலையில் இருந்த பிச்சிப்பூ பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. மசாலா தடவி வைத்திருந்த சாளை மீன் மத்தியானம் முதல் அடுக்களையில் காத்துக் கிடந்தது. எண்ணெயில் போடக்கூடாது என்று உத்தரவு. நான் முகத்தில் பவுடர் போட்டிருந்தேன் என்று என்னையே குழாயடிக்கு அனுப்பினார். என்னை! மந்திரி வந்தாலும் எழுந்திருக்காதவன் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். நாரை அல்லவா?

“இஞ்ச பாருங்க, மனுசன் வாழுக வீடா இது? மீனு கெட்டுப் போவும்” என்றாள் உலகம்மை.

“ஒரு நாளைக்குப் பொறுத்துக்கிடு உலகம்மா. எனக்க வாழ்க்கைப் பிரச்சினையாக்கும்.”

“எனக்கது மீன் பிரச்சினையாக்கும்” என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

மொட்டைமாடியில் இரண்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு துவர்த்துத் துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிவிட்டேன். துவர்த்தும் வெறும் தண்ணீரில் அலசிக் காயவைத்ததுதான். வள்ளிநாயகம் சட்டம் சொன்னார்: நடுவர் வாயே திறக்கக்கூடாது, குரலை வைத்து எது எந்தக் கிளாஸில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். நிதின் தலையை ஆட்டினான். ஒன்றும் பேசாமல் ஆளுக்கொரு காலிக் கிளாஸைக் கையில் கொடுத்துவிட்டு, ஊற்றுவதற்காகக் குப்பியின் தக்கையைப் பிடித்து இழுத்தான்.

தக்கை பாதியில் முறிந்தது. மேல்பாதி அவன் கையில், கீழ்ப்பாதி குப்பியின் கழுத்தில்.

இங்கே ஒரு நுட்பத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். வள்ளிநாயகம் வழக்கமாக ஊற்றுகிற அளவுக்கு, ஊற்றிய கிளாஸுக்கும் ஊற்றாத கிளாஸுக்கும் எடையில் வித்தியாசமே கிடையாது. ஆகையால் கையில் இருப்பது காலி என்று அவருக்கு எப்படித் தெரியும்? நிதின் கத்தியை விட்டுக் குடைந்துகொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்துக் கீழே கொல்லைப்புறத்திலிருந்து சன்னமாக ஒரு புகை எழும்பி, சுவரைப் பிடித்து ஏறி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, விருந்தாளி மாதிரி எங்கள் நடுவே வந்து உட்கார்ந்தது. எட்டிப் பார்த்தேன். கொசு கடிக்கிறது என்று உலகம்மை உரித்துப் போட்ட தேங்காய்க் கதம்பையைக் குவித்துத் தீமூட்டிக்கொண்டிருந்தாள். மழையில் நனைந்த கதம்பை. புகைக்குக் கேட்கவா வேண்டும்?

வள்ளிநாயகம் கிளாஸுக்குள் மூக்கை விட்டார்.

“ஆ!”

நிதின் கத்தியை நிறுத்தினான். நான் வாயைத் திறப்பேனா? மாட்டேன்.

“வந்துட்டு வேய், வந்துட்டு! என்ன பொகை! எந்தக் காலத்துப் பீட்டோ!”

“எனக்கு முந்தியே வந்துட்டு. மரியாதைக்கு வாயைத் தொறந்து மிண்டாம இருந்தேன்” என்றார் நாராயணபெருமாள்.

“அடியில கொஞ்சம் ஈரம் கெடக்கு. அதுக்கும் அடியில தேங்கா.”

“தேங்காயா?”

“தேங்கான்னா நம்ம தேங்கா இல்ல. ஓக்கு மரப் பீப்பாயில கெடந்தா அப்படி ஒரு வாடை வரும். ஒமக்கு நான் இன்னும் அந்தப் பாடம் எடுக்கல்ல.”

“நீரு எடுக்காட்டா எனக்குத் தெரியாதோ? இதுல கயிறு எரியுகு. கப்பல் கட்டுக கயிறு. சகிரி நாருக் கயிறு.”

“கண்ணுல தண்ணி வருகு வேய்.”

“அதாக்கும் உசந்த சரக்குக்க அடையாளம்!”

வள்ளிநாயகம் துவர்த்துக்கு மேலே கையை உயர்த்தினார். “மக்கா நிதின், எனக்க கையில இருக்கது நாரை. சந்தேகமே இல்ல.”

“ஓய், நாரை எனக்க கையில. ஒமக்க கையில இருக்கது வெறும் கொக்கு.”

“அப்பம் கிளாஸை மாத்தும்!”

“மாத்தும் வேய்!”

காலிக் கிளாஸும் காலிக் கிளாஸும் இடம் மாறின. மறுபடியும் முகர்ந்தார்கள். இதில் இன்னும் புகை கூடுதல் என்று இரண்டு பேருமே ஒப்புக்கொண்டார்கள். காற்று அந்நேரம் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. வள்ளிநாயகம் அத்தோடு நின்றிருக்கலாம். நாக்கிலும் வைத்துச் சொல்கிறேன் என்று கிளாஸைக் கவிழ்த்தார். சற்று நேரம் வாயை அசைத்தார்.

“நாக்குல பட்டதும் ஆவியாப் போச்சு மக்கா. அம்புட்டு மென்மை!”

நிதின் கைப்பிடிச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு குலுங்கினான். எனக்குச் சிரிப்பை அடக்கி அடக்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அப்போது இருமிக்கொண்டே உலகம்மை படியேறி வந்தாள், கையில் மீன் புரட்டக் காத்திருந்த சட்டுவத்தோடு.

“இஞ்ச பாருங்க, கொசுவுக்குக் கதம்பை போட்டேன். பொகை மேல வருகா? அணைக்கட்டா?”

இரண்டு துவர்த்தும் ஒன்றாக இறங்கின. இரண்டு பேரும் கிளாஸைப் பார்த்தார்கள். கவிழ்த்துப் பார்த்தார்கள். பிறகு குப்பியைப் பார்த்தார்கள், அதன் கழுத்தில் அடைத்து நிற்கிற பாதித் தக்கையைப் பார்த்தார்கள்.

“நான் அப்பமே கதம்பைன்னு நெனச்சேன்” என்றார் நாராயணபெருமாள்.

வள்ளிநாயகத்துக்கு அந்த வாய் இல்லை. முகம் செத்துப்போயிற்று. “மக்கா, இன்னொரு சான்சு தா. இந்தா, நானே தொறக்கேன்” என்று குப்பியைப் பிடுங்கி, உலகம்மையின் கையில் இருந்த சட்டுவத்தின் காம்பால் தக்கையைக் குத்தினார். வருசக்கணக்கான ஆசை அத்தனையும் அந்தக் குத்தில் இருந்தது. தக்கை ‘பொளக்’ என்று குப்பிக்குள் விழுந்து, வாத்து மாதிரி மிதந்தது.

திறந்த குப்பியை இனி மூட வழியில்லை. அலமாரியின் நடுத்தட்டு வள்ளிநாயகத்தின் கண் முன்னால் வந்து காலியாகவே நின்றது.

“வேற குப்பியில ஊத்தி வையும். எங்க வீட்டுல அரிஷ்டம் குப்பி கழுவி வச்சிருக்கு” என்றேன்.

“அரிஷ்டம் குப்பியிலயா? நாரையையா?” நெஞ்சில் கை வைத்தார்.

“தண்ணிக் குப்பி பிளாஸ்டிக்குல...” என்று தொடங்கினார் நாராயணபெருமாள். வள்ளிநாயகம் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

“நல்ல சரக்குக்குக் காத்துப் பட்டா பொகை போயிரும்னு நீங்கதானே மாமா சொல்லுவிய?” என்றான் நிதின், பரமசாதுவாக. “அப்பம் இண்ணைக்கே தீக்கணும். எல்லாருமாட்டு.”

வள்ளிநாயகம் குப்பியைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டார். அவர் சொன்ன பாடம், அவரே மீறுவதா? குப்பியை நீட்டினார். நிதின் ஊற்றினான், எறும்பு அளவு அல்ல, மனிதன் அளவு. கீழே எண்ணெயில் சாளை மீன் விழுகிற சத்தம் கேட்டது. யாரும் தடுக்கவில்லை.

நான் குடித்துப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பொய் பேசிப் பழக்கமில்லை: அச்சு அசல் நனைந்த கதம்பைப் புகை. அவர்கள் சொன்னதில் ஒரு வாடைகூடத் தப்பில்லை!

எல்லாரும் வள்ளிநாயகத்தின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தீவு வரும், ஆடு வரும், ஆசுபத்திரி வரும் என்று காத்திருந்தோம். அவர் முழுக் கிளாஸையும் வாய் நிறையக் குடித்தார். கண்ணை மூடினார். திறந்தார்.

“நல்லாருக்கு” என்றார்.

அவ்வளவுதான். பிறகு கிளாஸை நீட்டி, “இன்னும் கொஞ்சம் ஊத்துடே” என்றார். மீன் வந்தபோது எலும்பைக்கூட விடவில்லை. குப்பி தீரும்போது நாராயணபெருமாளின் தோளில் கை போட்டுக்கொண்டு கைலியைக் கவனிக்காமல் ஆடினார். உலகம்மை படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்து அழுதாள். இந்த மனிதரோடு இத்தனை வருசம் பக்கத்து வீட்டில் இருந்தும் எனக்கு அவரை அன்றைக்குத்தான் பிடித்தது.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனம் திருந்துமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலிக் குப்பியை அந்த நடுத்தட்டில் வைத்து அழைப்பு அனுப்பினார். “தக்கை இன்னும் உள்ள கெடக்கு. முகர்ந்து பாரும், மூணாவது மூச்சுலதான் வரும்” என்றார். நாங்களும் வரிசையாக நின்று முகர்ந்தோம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் குடிப்பதே இல்லை, எனக்கும் இதற்கும் என்ன என்கிறீர்கள். ரொம்பச் சரி. போன வாரம் வீட்டுக்கு வந்தவருக்குக் காப்பி கொடுத்தீர்களே, கொட்டையை எந்த மலையில் வாங்கினீர்கள், எப்படி வறுத்தீர்கள், எத்தனை முறை வடித்தீர்கள் என்று நீங்கள் சொல்லி முடிக்கும்போது அது ஆறி ஆடை கட்டியிருந்ததா, இல்லையா? அதற்கு முந்தின வாரம் மட்டி வாழைப்பழத்தைக் கையில் கொடுத்துவிட்டு, அதை உரிக்கவிடாமல் எவ்வளவு நேரம் பேசினீர்கள்? அதுவும் இல்லையென்றால் இதற்காவது பதில் சொல்லுங்கள்: இந்தப் புத்தகத்தை வாங்கியதும், ஒரு வரி படிப்பதற்கு முன்னால், நடுப்பக்கத்தைப் பிரித்து மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடியது யார்?