மூன்று விநாடி யோசனை

நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிறவர் என்றொரு இனம் உண்டு. வேலை தேடுகிறவரோடு இவரைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவருக்கு வேலை கிடைத்தால் போதும். இவருக்குக் கேள்வி கிடைக்க வேண்டும்.

நம்மவர் ஸ்டோர்கீப்பர். ஐந்து மாதமாக வீட்டில். வழக்கமாகக் கேட்கப்படும் நாற்பத்திரண்டு கேள்விகளும் பதில்களோடு ஒரு நோட்டில் இருக்கின்றன. ஓரத்தில் சிவப்பு மையில் 'இங்கே புன்னகை', 'இங்கே செருமக் கூடாது', எல்லாப் பதிலுக்கும் முன்னால் 'மூன்று விநாடி யோசிக்கவும்'. தேர்வுக் குழு, வெங்காயம் நறுக்கும் மனைவி.

"உங்க பலவீனம் என்ன?"

மூன்று விநாடி. "நல்ல கேள்வி. எடுத்த வேலையை முடிக்காம எனக்குச் சோறு இறங்காது மேடம்."

"நேத்து மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டீங்களே? குழாய் இன்னும் ஒழுகிட்டிருக்கு."

"அது நோட்டுல இல்ல. இருக்கறதைக் கேளு."

"இந்த வேலையும் போச்சுன்னா எங்க அக்கா வீட்டு மாடிதான். அதையும் எழுதிக்குங்க."

நேர்முகத்துக்கு அழைத்த இடத்தில் மேலாளர் நின்றபடியே பேசினார். வாசலில் இரண்டு லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"விசாரிச்சுட்டேன். தங்கமான மனுஷன்னாங்க. இந்தாங்க சாவி. இப்பவே கிடங்கைத் திறக்க முடியுமா?"

நாற்பத்திரண்டில் இது இல்லை. மனத்துக்குள் முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் புரட்டினார். இல்லவே இல்லை. நீட்டிய சாவி அந்தரத்தில் நின்றது.

"சார், நீங்க இன்னும் எதுவும் கேக்கலையே?"

"என்னத்தக் கேக்கறது?"

"பலவீனம். அப்புறம், அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பேன்னு."

"யோவ், அஞ்சு நிமிஷம் கழிச்சு லாரி போயிடும்யா!"

"நல்ல கேள்வி" என்றார். மூன்று விநாடி கழித்து முதல் பதிலிலிருந்து தொடங்கினார். கண்ணை மூடிக்கொண்டு, பிசிறில்லாமல், புன்னகைக்க வேண்டிய இடத்தில் புன்னகைத்துக்கொண்டு சொன்னார். பதினேழாவது பதிலில் கண்ணைத் திறந்தபோது, வெளியே பெஞ்சில் அடுத்ததாக உட்கார்ந்திருந்த ஆள், கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாதவர், கிடங்கைத் திறந்து பாதி லாரிச் சரக்கை இறக்கியிருந்தார்.

கதவைத் திறந்த மனைவி கேட்டாள். "கெடச்சுதா?"

மூன்று விநாடி.

"புரிஞ்சுபோச்சு. அக்காவுக்குப் போன் போடறேன்."

அவர் நோட்டைப் பிரித்து நாற்பத்து மூன்றாவது கேள்வியை எழுதினார்: 'இப்பவே திறக்க முடியுமா?' பதில் ஒன்றரைப் பக்கம் வந்தது.

நமக்கென்ன, சிரித்துவிட்டுப் போகலாம். போகிற போக்கில் ஒன்றே ஒன்று: நீங்கள் இந்த இனமில்லைதானே?

ஏன் பேச்சைக் காணோம்? ஒன்று... இரண்டு...