மாமனாரைத் தீயில் நிறுத்திய கதை

மாமனாரை மனதுக்குள் தீயில் நிறுத்திப் பார்க்காத மருமகன் கிடையாது. நான் ஊரறியக் கோயில் சுவரிலேயே நிறுத்தினேன், அதுவும் கல்யாணத்துக்கு முன்னால்.

அப்போது மதுரையில் நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலைப் படம் எழுதிக்கொண்டிருந்தேன். (என்னை விட்டால் ஓவியனே இல்லை என்ற நினைப்பு வேறு.) பேரையூர்ப் பக்கத்து மாதா கோயிலில் ஒரு பழைய சுவர்ப்படம். மோட்சம் போகுமுன் பாவக்கறை தீர ஆத்துமாக்கள் வேகிற உத்தரிக்கிற ஸ்தலம் அது. மேலிருந்து மாதா, கயிற்றில் கோத்த உத்தரியம் என்கிற துணிப் பதக்கத்தை இறக்கி அவர்களைக் கரையேற்றுகிறார். மெழுகுவர்த்திப் புகையிலும் மழைக்கசிவிலும் ஆத்துமாக்களின் முகமெல்லாம் உதிர்ந்துபோயிருந்தது.

அதைச் சரிசெய்ய என்னைச் சிபாரிசு செய்தவர், ஊருக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் சவரிமுத்து. அவர் மகள் திரேசைத்தான் எனக்குப் பெண் கேட்டிருந்தோம். "படத்த நல்லபடியா முடிங்க மாப்ள, பெறகு பேசுவோம்" என்றிருந்தார். அந்த 'மாப்ள'யைப் பிடித்துக்கொண்டு சாரத்தில் தொங்கினேன்.

நாடகத் திரையில் தேவர்கள் கூட்டத்துக்குள் ஊர்ப் பெரியவர் முகத்தை வைத்தால், அவர் குளிர்ந்துபோய் விருந்தே வைப்பார். அதே பழக்கத்தில் இங்கும் ஊர்க்காரர்கள் முகத்தை வைத்தேன். முன்வரிசையில், எல்லோரையும்விடப் பெரிதாக, மீசையும் மருவுமாகச் சவரிமுத்து. மார்பு வரைக்கும் தீ. (மரியாதையாம்!)

திருநாளன்று படத்தை மூடியிருந்த துணியை விலக்கினார்கள். கோயிலே படத்தையும் சவரிமுத்துவையும் மாறி மாறிப் பார்த்தது.

"டேய், என்னைய எதுக்குடா வேக வச்சிருக்க?" என்றார் சவரிமுத்து. மாப்ள போய் டேய் வந்துவிட்டது. திரேஸ் முக்காட்டுக்குள் சிரித்தாளோ அழுதாளோ, எனக்கு அழுகை வந்தது.

வெள்ளைக்காரப் பங்குச் சாமியார் தாடியைத் தடவினார். "உபதேசியாரே, நரகத்துக்குப் போகிறவன் இங்கே வரமாட்டான். இங்கே நிற்பவனுக்கு மோட்சம் நிச்சயம். நீர்தானே பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறீர்?"

பின்னாலிருந்து கோயில் மணி அடிப்பவர் கேட்டார்: "அப்ப எம் மொகம் எங்கண்ணே?"

அவ்வளவுதான். விட்டுப்போனவர்களெல்லாம் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஒரு ஓரமாவாச்சும் என்னையத் தீயில போடுங்கண்ணே!"

சவரிமுத்து மட்டும் படத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "சரி மாப்ள" என்றார். எனக்கு உயிர் வந்தது. "ஆனா மாதா விடுற கயிறு எனக்கு எட்டலையே? இம்புட்டு நீட்டி விடுங்க."

நீட்டினேன், கிணற்றுக் கயிறு நீளத்துக்கு. அந்தப் படத்துக்குக் கீழேதான் திரேசுக்குத் தாலி கட்டினேன்.

இன்றைக்கும் நான் கோபித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தால், அடுப்படியிலிருந்து அவள் குரல் வரும்: "எங்கப்பாவுக்கு விட்ட கயித்துல ஒரு முழம் மிச்சமிருக்கும். பிடிச்சுக்கிட்டே சாப்பிட வாங்க."